நம்ம ஊர்ல சீசனே இல்லையா? செட்டிநாட்டில் ஹோம்ஸ்கூலிங் பிள்ளைகளோடு வருஷம் முழுக்க இயற்கை பார்ப்பது எப்படி

பள்ளத்தூர்_மருமகள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். சென்னையிலிருந்து போன ஆவணியில் பள்ளத்தூருக்கு, மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. இரண்டு பேருக்கும் வீட்டில்தான் படிப்பு. கணக்கு, தமிழ், இங்கிலீஷ் எல்லாம் ஓடுகிறது. இயற்கைப் பாடம்தான் இடிக்கிறது.

என்னிடம் இருக்கும் பயிற்சிப் புத்தகம் வெளிநாட்டுப் பதிப்பு. வருஷத்தை நாலாகப் பிரித்து, அக்டோபரில் சிவந்த இலை பொறுக்கு, டிசம்பரில் பனியில் கால்தடம் தேடு, ஏப்ரலில் முதல் பூவைப் பார் என்று போகிறது. இங்கே இப்போதுதான் எல்லாம் பச்சை கட்டுகிறது. ஓர் இலை உதிரவில்லை. மகள் கேட்கிறாள், "அம்மா, நம்ம ஊர்ல சீசனே இல்லையா?" வெயில் காலம், மழைக் காலம் என்று இரண்டே வார்த்தையில் முடிக்க எனக்கு மனசில்லை.

எங்களிடம் கார் கிடையாது, ஸ்கூட்டி உண்டு. "பாம்பு பூச்சி இருக்கிற பக்கமெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிட்டுத் திரியாதே" என்று அத்தை சொல்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

---

கண்மாய்க்கரை

தங்கச்சி, அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு ஊருணி, ஒரு கண்மாய், இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வேறு எங்கும் போக வேண்டாம். அதே இடத்துக்கு வாரம் ஒருமுறை, வருஷம் முழுக்க. எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரையும் இப்படித்தான் வளர்த்தோம், இப்போது இருவரும் கல்லூரியில் இருக்கிறார்கள்.

நம்ம பக்கம் பருவத்தைத் தண்ணீரில்தான் பார்க்கணும். சிவகங்கை மாவட்டத்துக்கு வருஷ மழை சராசரியாக 900 மில்லிமீட்டரை ஒட்டி வரும். அதில் பாதிக்குப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு அடுத்த மழை வரை அந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். தண்ணீர் ஏறினால் தவளை கத்தும், நத்தை கிளம்பும். நத்தை வந்தால் நத்தைகுத்தி நாரை வரும். தண்ணீர் இறங்கினால் சேற்று விளிம்பில் உள்ளான் குருவி ஓடும். இன்னும் வற்றினால் ஊரே மீன் பிடிக்க இறங்கும். முழுக்கக் காய்ந்தால் உள்வாய், அதாவது கண்மாயின் உட்தரை, பாளம் பாளமாக வெடிக்கும். பிள்ளை இந்தக் கோர்வையைத் தானே கண்டுபிடிக்கணும். அதற்கு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகணும். வாரம் ஒரு புது இடம் என்று அலைந்தால் எது மாறியது என்றே தெரியாது.

முதல் வேலை ஒன்று சொல்கிறேன். ஊருணியில் செம்புராங்கல் படிக்கட்டு இருக்குமே, அதுதான் உங்கள் அளவுகோல். சனிக்கிழமைதோறும் தண்ணீருக்கு மேல் எத்தனை படி தெரிகிறது என்று மகள் எண்ணி எழுதட்டும். கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கட்டும். கார்த்திகையில் கோடு செங்குத்தாக ஏறும், தையிலிருந்து மெல்லச் சரியும், பங்குனி வெயிலில் சரிவு கூடும். மழையே இல்லாதபோது தண்ணீர் எங்கே போனது என்று அவளே கேட்பாள். ஆவியாதலை நீங்கள் அப்போது சொல்லிக்கொடுத்தால் போதும்.

---

முல்லைக்கொடி

கண்மாய்க்கரை அண்ணன் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். நமக்கு நாலு பருவம் எதற்கு? ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். ஆறு பெரும்பொழுதும் தயாராக இருக்கின்றன. ஒரு பெரிய அட்டையில் வட்டம் வரைந்து பன்னிரண்டு மாதமாகப் பிரித்து, மாதத்துக்கு ஒரு படம் பிள்ளைகள் வரைந்தால் வருஷக் கடைசியில் அவர்களுடைய சொந்தக் காலண்டர் கையில் இருக்கும். தமிழ்ப் பாடமும் ஆச்சு.

---

கண்மாய்க்கரை

வட்டக் காலண்டர் அருமையான யோசனை. ஆறு பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், நானும் சொன்னேன். ஆனால் அதை அப்படியே சட்டமாக மாட்டிவிடாதீர்கள். நம்ம சீமையில் ஆவணி, புரட்டாசியில் நாள் முழுக்க வெயில் காய்ந்து சாயங்காலம் இடியோடு ஒரு மழை வரும், அவ்வளவுதான். புழுதியில் நெல் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதங்கள் அவை. கண்மாய் நிறைவது கூதிரில். பாட்டில் வருகிற கார்காலத்தைப் படித்துவிட்டு வெளியே வந்து தேடினால் பிள்ளை ஏமாந்துபோகும். முதலில் கண்ணால் பார்த்ததை அட்டையில் வரையட்டும். பெயரைப் பிறகு அதன் பக்கத்தில் எழுதுங்கள். எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பேசினாலே அது பெரிய பாடம்.

---

முல்லைக்கொடி

புரட்டாசி வெயில் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். இருந்தாலும் பெயர் தெரிந்தால் பிள்ளை கூர்ந்து பார்க்கும் என்பது என் அனுபவம். முன்பனி என்ற பெயர் தெரிந்த பிறகுதான் என் மகன் மார்கழி விடியலில் புல்நுனியைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தான். இரண்டையும் சேர்த்தே நடத்தலாம்.

---

வெள்ளுடை

அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். அத்தை சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள் சகோதரி. பயந்து வீட்டில் உட்காரவும் வேண்டாம்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலையும் படத்தில் பார்த்து இரண்டு பிள்ளைகளும் அடையாளம் சொல்லணும். செருப்பு போதாது, மூடிய ஷூ வேண்டும். கல், காய்ந்த மட்டை, விறகு எதையும் கையால் புரட்டக் கூடாது, குச்சியால் தட்டிவிட்டுத்தான் பார்க்கணும். பொந்துக்குள் விரல் விடவே கூடாது. கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108க்குப் போன் பண்ணி நேராக அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். இந்த நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். கட்டுவிரியன் ராத்திரியில் கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாது, அதனால் தரையில் படுக்கிற வீடுகளில் கூடுதல் கவனம்.

பாம்பைவிட எனக்குப் பெரிய பயம் தண்ணீர்தான். மண் அள்ளிய கண்மாய்களில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த எட்டிலேயே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும், தண்ணீர் நிறைந்துவிட்டால் வெளியே தெரியாது. மடைக்குழியும் அப்படித்தான். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் இல்லாமல் கரையிலிருந்து ஓரடி கூட இறங்க வேண்டாம். இடி இடிக்கிற சாயங்காலம் பனைமரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

---

கணக்குவாத்தியார்

கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்படி நடத்துகிற பல வீடுகளில் இயற்கை நடை என்பது வாராந்திர உலாவாக முடிந்துவிடுகிறது. பூ அழகு, பறவை அழகு, வீட்டுக்கு வந்து இட்லி. பிள்ளைக்கு என்ன தெரிந்தது? நாளைக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத வேண்டும். 14 வயது முடிந்தால் எழுதலாம், அதற்குள் அறிவியல் என்று ஒன்று உள்ளே இறங்கியிருக்க வேண்டும் இல்லையா?

---

கண்மாய்க்கரை

வாத்தியாரே, நியாயமான கேள்வி. அளக்காமல் போனால் அது உலாத்தல்தான். அதனால்தான் படி எண்ணச் சொன்னேன்.

ஓர் உதாரணம். தங்கச்சியின் புத்தகத்தில் இலையுதிர் காலம் அக்டோபரில் வருகிறது. நமக்கு இலையுதிர் காலம் மாசி, பங்குனியில். இலுப்பைத் தோப்பு ஏதாவது ஒன்றுக்கு மாசியில் கூட்டிப்போங்கள். தரை முழுக்கச் சருகு, மேலே வெறும் கிளை. குளிர்நாட்டு மரம் குளிரும் வெளிச்சக் குறைவும் வருவதால் உதிர்க்கிறது. நம்ம மரம் தண்ணீரை மிச்சம் பிடிக்க உதிர்க்கிறது, ஏனென்றால் இலை வழியாகத்தான் தண்ணீர் வெளியேறுகிறது. இதைச் சோதிக்கலாம். ஒரு வேப்பங்கிளையின் இலைகள் மேல் பாலிதீன் பையைக் கட்டி வெயிலில் விட்டால் மத்தியானத்துக்குள் உள்பக்கம் நீர்த்துளி கோர்த்துவிடும்.

இதற்கு அடுத்ததுதான் எனக்கு ஆச்சரியம். மழைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கும்போதே, பங்குனி வெயிலில், அதே இலுப்பை செம்புநிறத் தளிர் விடும். புங்கையும் அரசும் அந்தக் காலத்தில்தான் பளபளவென்று துளிர்க்கும். தண்ணீருக்குப் பயந்து இலையைப் போட்ட மரம், இன்னும் கொடிய வெயிலில் ஏன் துளிர்க்கிறது? வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கும்? தளிர் ஏன் முதலில் சிவப்பு? பத்து வயசுப் பிள்ளை இதைக் கேட்டுவிட்டால் தாவரவியலின் வாசலுக்கு வந்துவிட்டது. அதே சமயத்தில் இலுப்பை பூக்கும். பொழுது விடியுமுன் போனால் மரத்தடியில் வெளுத்த சதைப்பூ கொட்டிக் கிடக்கும், வாயில் போட்டால் தித்திக்கும். ராத்திரி வந்து போன பழந்தின்னி வௌவால்களின் எச்சமும் அங்கேயே கிடக்கும். அந்தப் பூ ஏன் ராத்திரியில் விரிகிறது என்பதற்கு விடை தரையிலேயே இருக்கிறது.

எழுதிவைக்க வேண்டும் என்றால் சீசன்வாட்ச் என்று நாடு முழுக்க நடக்கிற திட்டம் இருக்கிறது. ஒரு மரத்தைத் தத்தெடுத்து வாரம் ஒருமுறை அதில் தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று பதியணும். பிள்ளை எழுதுவது உண்மையான ஆய்வுக்குப் போகிறது. நாம் எழுதுவதை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால் பொய்யாக ஒரு டிக் போடக்கூடப் பிள்ளைக்குக் கை வராது.

---

கணக்குவாத்தியார்

பாலிதீன் பையும் படிக்கட்டு வரைபடமும் எனக்குப் பிடித்திருக்கின்றன. அத்தோடு ஊருணியின் நீள அகலத்தை நடந்து அளந்து, ஒரு படி இறங்கினால் எத்தனை குடம் தண்ணீர் குறைந்தது என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புக் கணக்கு அதிலேயே முடிந்துவிடும்.

---

அரிமளத்து_ஆச்சி

ஆத்தா, பேரப்பிள்ளைகளோடு நான் செய்கிறதைச் சொல்றேன். பனையைப் பிடிச்சுக்க. வருஷம் பூராவும் அதுல வேலை இருக்கு.

இப்ப ஐப்பசி. பனம்பழம் ஓஞ்சு கொட்டை கிடக்கிற காலம். பத்துக் கொட்டை பொறுக்கி, கொல்லையில மணல் குவிச்சு அதுல நெருக்கிப் பதிச்சு வை. மழை பேஞ்சா தண்ணி ஊத்தக்கூட வேண்டாம். மொளை மேல வராது, முதல்ல பூமிக்குள்ளதான் இறங்கும். பிள்ளைகள் தினமும் போய் "ஒண்ணும் வரல"ன்னு சலிச்சுக்கும், விட்டுரு. தையில தோண்டினா ஆளுக்கொரு கெழங்கு. அவிச்சு உப்பும் மிளகும் போட்டுக் குடு. நாலஞ்சு கொட்டையைக் கெழங்கு விடுறதுக்கு முன்னாடியே எடுத்து வெட்டினா உள்ள தவுன் இருக்கும். அது பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கும், பிள்ளைகளுக்கு உசிரு. ரெண்டு கொட்டையைத் தோண்டாம விட்டுரு, கண்மாய்க் கரையில மரமாகட்டும்.

சித்திரையில நுங்கு. சீவினா மூணு கண்ணு. நுங்கு எடுத்த வெறுங்கூட்டைக் கூந்தல்னு சொல்வோம், அதை வச்சு வண்டி ஓட்டலாம். ஆண் பனை, பெண் பனை தனித்தனியா இருக்கும், ஆண் பனை காய்க்காது. அதைப் பாளையைப் பாத்துப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ஆடி, ஆவணியில பழம் விழுற சத்தம் கேட்டு ஓடணும், சுட்டுத் தின்னா வாயெல்லாம் நார்.

மத்த பழமும் வரிசையா இருக்கு. தை, மாசியில இலந்தை. ஆனி, ஆடியில நாவல். எங்க காலத்துல மாசம் என்னன்னு காலண்டரைப் பாக்க மாட்டோம், பிள்ளைக நாக்கைப் பாப்போம்.

---

தட்டான்_தம்பி

ஆச்சி சொன்னதைப் படித்ததும் எனக்கே பனங்கொட்டை பொறுக்கணும் போல இருக்கிறது.

காரைக்குடியில் இருக்கிறேன், பறவை பார்ப்பது பழக்கம். அக்கா, இந்த இரண்டு மாதத்தில் தவறவிடக்கூடாதது மூன்று சொல்கிறேன்.

ஒன்று, மஞ்சள் தட்டான் கூட்டம். மழைக்கு முன்னால் வயல் மேலேயும் மைதானத்திலும் நூற்றுக்கணக்கில் சுற்றும். அந்த இனத் தட்டான்கள் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன. உலக வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள், தம்பி வாயைப் பிளப்பான்.

இரண்டு, ஆறுமணிக்குருவி. வடக்கே இமயமலை அடிவாரம் பக்கமிருந்து குளிருக்கு நம்ம பக்கம் வந்து பங்குனி, சித்திரை வாக்கில் திரும்பும். ஐயனார் கோயில் காட்டில் சருகைக் கிளறிக்கொண்டு நிற்கும். காலையிலும் சாயங்காலமும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுக்கும், அதனால் அந்தப் பெயர். கோயில் காட்டுக்குள் வீரை, உலக்கைப்பாலை எல்லாம் வெட்டுப்படாமல் நிற்பதால்தான் அதற்கு இடம் கிடைக்கிறது. சாமி இடம் என்பதால் பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்கிற எல்லையைத் தாண்டாமல் வெளியிலிருந்தே பாருங்கள்.

மூன்று, வேட்டங்குடி. திருப்பத்தூரிலிருந்து மதுரை போகிற வழியில் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய். 1977இலிருந்து பறவைகள் சரணாலயம். கார்த்திகை முதல் மாசி வரை நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, கொக்கு எல்லாம் கருவேல மரங்களில் கூடு கட்டியிருக்கும். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. தீபாவளியன்று அந்தப் பக்கம் போய் அந்த அமைதியைக் காட்டினால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். இது ஒன்றுக்கு மட்டும் பஸ் ஏறுங்கள், மற்றதெல்லாம் வீட்டுப் பக்கமே போதும்.

---

பள்ளத்தூர்_மருமகள்

கார்த்திகை பாதி ஆச்சு, இழையை மேலே கொண்டு வருகிறேன். சொன்னபடி ஆரம்பித்துவிட்டோம்.

முதல் பெருமழையில் மகள் ஓடிவரும் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தாள். செம்மண் கரைசல், டீ நிறம். மறுநாளும் தெளியவில்லை. மாமனார் நாட்டு மருந்துக்கடையிலிருந்து தேத்தாங்கொட்டை வாங்கி வந்து, கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இழைத்து, ஒரு டம்ளரில் மட்டும் கலக்கினார்கள். மண் திரி திரியாகச் சேர்ந்து அடியில் படிந்தது. கலக்காத டம்ளர் அப்படியே இருந்தது. அந்தக் காலத்தில் ஊருணித் தண்ணீர் தூக்கி வந்து இப்படித்தான் தெளிய வைத்தோம் என்று அத்தை நேரம் போவது தெரியாமல் கதை சொன்னார்கள். இப்போது அவர்களும் எங்களோடு ஊருணிக்கு வருகிறார்கள், படி எண்ணுவதே அவர்கள்தான்.

ஒரு கேள்வி. மழை விட்ட காலையில் சிவப்பு வெல்வெட் மாதிரி பட்டுப்பூச்சிகள் செம்மண்ணில் ஊர்ந்தன. மகன் தீப்பெட்டியில் புல் போட்டுப் பிடித்து வைத்திருக்கிறான். வைத்திருக்கலாமா?

---

தட்டான்_தம்பி

வேண்டாம் அக்கா. அது வருஷத்தில் கொஞ்ச நாள்தான் மண்ணுக்கு வெளியே வரும். தீப்பெட்டியில் செத்துப்போகும்.

---

அரிமளத்து_ஆச்சி

நாங்க எல்லாரும் தீப்பெட்டியில வச்சுத்தான் வளந்தோம். கையில தொட்டுப் பாக்காம எப்படிப்பா பிரியம் வரும்?

---

கண்மாய்க்கரை

ஆச்சி சொல்வதில் எனக்கு உடன்பாடுதான். தொட வேண்டும். உள்ளங்கையில் ஊரவிட்டுக் காலை எண்ணச் சொல்லுங்கள். எட்டு வரும். ஆறு கால் இருந்தால் பூச்சி, எட்டு என்றால் சிலந்தியின் சொந்தம். அதை அவனே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும். படம் வரைந்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எந்த உயிருக்கும் இதுதான் வழக்கம். செங்காந்தளை மட்டும் தொடவிடாதீர்கள், வேலியில் இப்போது பூத்திருக்கும். கிழங்கு கடும் விஷம், தூர நின்று பார்த்து வரையலாம்.

வெயில் காலத்தைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், பலரும் சித்திரையில் நடையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். அறுப்பு முடிந்த வயலில் ஆடு மேய்க்கிற கீதாரிகள் கிடை போட்டிருப்பார்கள். எந்த இலையை ஆடு தின்னும், எதைத் தொடாது என்று அவர்களிடம் கேட்டால் ஒரு முழுப் புத்தகம் கிடைக்கும். கண்மாய் வற்றியதும் மீன்பிடித் திருவிழா வரும், ஊரில் தேதியை விசாரித்து வையுங்கள். பெரியவர் ஒருவர் கரையில் நின்று துண்டை வீசியதும் மொத்தக் கூட்டமும் இறங்கும். ஊத்தாவைக் கவனிக்கச் சொல்லுங்கள். மூங்கில் குச்சியில் கட்டிய கூம்பு, அடியும் இல்லை, மூடியும் இல்லை. சேற்றில் ஓங்கி அமுக்கிவிட்டு மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி மீனை எடுப்பார்கள். உள்ளே விழுந்தது கெளுத்தியாக இருந்தால் முள் குத்தும், அதனால் துழாவுகிற கை எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று பாருங்கள். விரால் மட்டும் சேற்றுத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும், மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன் அது. முழுக்கக் காய்ந்த பிறகு உள்வாயில் மண்ணைக் கிளறினால் நத்தை வாய்மூடியைச் சாத்திக்கொண்டு அடுத்த மழைக்காக உறங்கிக் கிடக்கும். ஒன்றைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டுக் காத்திருந்து பாருங்கள்.

---

பள்ளத்தூர்_மருமகள்

காலை எண்ணினான் அண்ணே. எட்டு. விடும்போது அழுதான், விட்டுவிட்டான்.

---

தட்டான்_தம்பி

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது. 2015 முதல் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் நாட்களில் நடக்கிறது. ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். மாட்டுப்பொங்கல் காலை பள்ளத்தூர் பக்கம் வருகிறேன். என்னிடம் பைனாகுலர் இரண்டு இருக்கின்றன, ஒன்றைப் பிள்ளைகளுக்குத் தருகிறேன். வேறு யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள்.

---

கணக்குவாத்தியார்

நானும் பேத்தியோடு வருகிறேன். எத்தனை மணிக்கு?

---

பள்ளத்தூர்_மருமகள்

ஆறரைக்கு எங்கள் ஊருணிக் கரை. அத்தை எல்லோருக்கும் இடியாப்பம் செய்கிறார்களாம். ஆச்சி, நீங்களும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்க, அன்றைக்குத்தான் பனங்கிழங்கு தோண்டப் போகிறோம்.